சிம்சன்ஸ் முதல் 13 எபிசோடுகள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மே மாதம், கத்திரி வெயில். வேலூரை வெயிலூர் என்று சொல்வது சும்மா இல்லை. பகலெல்லாம் சூடேறிய வீட்டுக்குள் ராத்திரி படுக்க முடியாமல், மொட்டை மாடியில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தோம். அம்மா, லீவுக்கு வந்திருந்த அக்கா மகள், நான். லேப்டாப்பைத் தலையணைமேல் சாய்த்து வைத்து, ராத்திரிக்கு ஒன்று என்று சிம்சன்ஸ் கார்ட்டூன் தொடரின் முதல் சீசனைப் பார்த்து முடித்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் விமர்சனம் எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன். அதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை.

இது என்ன தொடர்? நான் பார்த்ததே இல்லை.

அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற கற்பனை ஊர். அங்கே ஒரு மஞ்சள் நிறக் குடும்பம். அப்பா ஹோமர் அணுமின் நிலையத்தில் வேலை. அம்மா மார்ஜ், பையன் பார்ட், பெண் லீசா, வாயில் ரப்பரோடு கைக்குழந்தை மேகி. உருவாக்கியவர் மேட் கிரேனிங். தன் அப்பா, அம்மா, தங்கைகள் பெயர்களையே பாத்திரங்களுக்கு வைத்துவிட்டார். தன் பெயரை மட்டும் வைக்காமல் பார்ட் என்று மாற்றிக்கொண்டார். விவரமான ஆள்.

1987இல் டிரேசி உல்மன் என்ற நடிகையின் நிகழ்ச்சிக்கு நடுவில் ஒரு நிமிஷத் துணுக்குகளாகத்தான் இவர்கள் முதலில் வந்தார்கள். அப்படி 48 துணுக்குகள். பிறகு 1989 டிசம்பர் 17 அன்று ஃபாக்ஸ் சேனலில் அரைமணி நேரத் தொடரானது. நம் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலையைத் தனியாகப் பிரித்ததும் அதே 1989தான். அதற்குப் பிறகு 2019இல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்துவிட்டது. அந்தக் குடும்பம் மட்டும் இன்னும் பிரியாமல் 700 எபிசோடுகளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு இருக்கும்போது ஏன் பழைய 13ஐ மட்டும் எழுதினீர்கள்?

கல்லூரி நாட்களில் ஸ்டார் வேர்ல்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்திருக்கிறேன். கேபிள்காரர் தயவும் கரண்டும் சேர்ந்து இருந்தால் பார்க்கலாம். அப்போது வந்ததெல்லாம் நடுவில் உள்ள சீசன்கள். ஜோக் மேல் ஜோக். ஆரம்பத்தைப் பார்த்ததே கிடையாது.

இப்போது பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான்: முதல் சீசனில் இது காமெடித் தொடராக இருப்பதைவிட, மாசக் கடைசித் தொடராக இருக்கிறது. கையில் காசில்லாத குடும்பம். ஒவ்வொரு எபிசோடிலும் யாராவது எதையாவது வாங்க முடியாமல், அடகு வைத்து, மறைத்து, சமாளிக்கிறார்கள். பின்னால் வந்த சீசன்களில் ஹோமர் விண்வெளிக்கே போகிறான். அதெல்லாம் சரி. ஆனால் எனக்கு அடகுக்கடைக்குப் போகிற ஹோமர்தான் தெரிந்த ஆள். நான் கணக்கு எழுதுகிற வேலையில் இருப்பவன், அதனாலும் இருக்கலாம்.

எந்த எபிசோடை முதலில் பார்க்க வேண்டும்? வரிசை குழப்பமாக இருக்கிறதே?

குழப்பம்தான். அதில் நானே விழுந்தேன். முதலில் ஒளிபரப்பானது கிறிஸ்துமஸ் கதை. ஆனால் அது தயாரிப்பில் எட்டாவது. முதலில் வருவதாக இருந்தது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண்மணி திருடியாக இருக்கும் கதை. கொரியாவில் படம் வரைந்து திரும்பி வந்ததைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். பெரும்பகுதியைத் திரும்ப வரையச் சொன்னார்கள். தொடர் தொடங்குவதே சில மாதம் தள்ளிப்போய், அந்த எபிசோட் கடைசியாக 1990 மே 13 அன்றுதான் வந்தது.

இது தெரியாமல் என் 13ஆவது விமர்சனத்தில், "சீசன் முடிவுக்கு வரும்போது குழு களைத்துவிட்டது, படத்தில் சோர்வு தெரிகிறது" என்று பெரிய மனிதன் போல எழுதிவிட்டேன். அது களைப்பு இல்லை, தவழ்கிற பருவம். காட்பாடியில் இருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்து, "பொறந்த குழந்தைய கிழவன்னு எழுதிட்டியே" என்றார். திருத்திவிட்டேன். இதற்கும் பதில் எழுதிவிட்டேன், இனி யாரும் கேட்க வேண்டாம்.

ஒளிபரப்பான வரிசையிலேயே பாருங்கள். படம் திடீரென்று கோணலானால் பயப்படாதீர்கள்.

படமும் குரலும் ஏன் இப்படி இருக்கின்றன?

நியாயமான கேள்வி. வாய் ரப்பர் மாதிரி இழுபடுகிறது. கண்கள் தனியாக ஓடுகின்றன. பின்னால் வந்த சீசன்களில் மஞ்சளாக இருக்கும் ஸ்மிதர்ஸ் என்ற உதவியாளர், மூன்றாவது எபிசோடில் கறுப்பு நிறத்தில் நிற்கிறார். வண்ணம் மாறிப்போன பிழை அது. மஞ்சள் நிறத்துக்கும் ஒரு காரணம் உண்டு. பார்ட், லீசா, மேகி மூவருக்கும் முடி எங்கே தொடங்குகிறது, நெற்றி எங்கே முடிகிறது என்று கோடே கிடையாது. சாதாரணத் தோல் நிறம் கொடுத்தால் பார்க்கச் சகிக்காது. மஞ்சள் கொடுத்ததும் தலையும் முடியும் ஒன்றாகிவிட்டது.

ஹோமருக்குக் குரல் கொடுத்தவர் டேன் கேஸ்டலனெட்டா. ஆரம்பத்தில் வால்டர் மேத்தாவ் என்ற ஹாலிவுட் நடிகரின் குரலை மனதில் வைத்துப் பேசினார். அடித்தொண்டையில், அலுத்துப்போன குரல். நாள் முழுக்க அந்தக் குரலில் பேசினால் தொண்டை தாங்காது, உணர்ச்சியும் ஏறாது. அடுத்த சீசனுக்குள் இப்போது உலகமே அறிந்த குரலுக்கு மாறிவிட்டார். பார்ட் பையனுக்குப் பேசுவது நான்சி கார்ட்ரைட் என்ற பெண். லீசா பாத்திரத்துக்குத் தேர்வு கொடுக்க வந்தவர், பார்ட்டைப் பார்த்துவிட்டு அதையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

நம் பக்கத்துக் கூத்து பார்த்தவர்களுக்கு இதெல்லாம் உறுத்தாது. பாரதக் கூத்தில் ராஜா வேஷம் வரும்போது முதலில் இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும். கட்டியங்காரன் முன்னால் வந்து "யாருய்யா நீ?" என்று கலாட்டா செய்வான். திரை விலகின பிறகுதான் துரியோதனன் முழுசாக நம் முன்னால் நிற்பான். முதல் சீசன் முழுக்கவே அந்தத் திரைக்குப் பின்னால் நடக்கிற பாட்டு. விமர்சனம் எழுதுகிறவன் அங்கே உட்கார்ந்துகொண்டு "கிரீடம் சரியாகத் தெரியவில்லை" என்று எழுதினால் கூத்து பார்க்கத் தெரியாதவன் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

முதல் எபிசோடுக்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்படி என்ன இருக்கிறது?

போனஸ் இருக்கிறது. அதாவது, இல்லை.

கதை சின்னது. கிறிஸ்துமஸ் நேரம். பார்ட் "அம்மா" என்று பச்சை குத்திக்கொள்ளப் போகிறான். பாதியிலேயே மார்ஜ் பிடித்து இழுத்து வந்து, ஜாடியில் சேர்த்து வைத்த பண்டிகைப் பணம் மொத்தத்தையும் அதை அழிக்கச் செலவழித்துவிடுகிறாள். போனஸ் வரும் என்று தைரியம். அதே நேரம் ஆலையில் முதலாளி பர்ன்ஸ், தொழிலாளர்களுக்குப் போனஸ் கிடையாது என்று மைக்கில் அறிவிக்கிறார். ஹோமர் "நல்லவேளை, ஜாடி இருக்கிறது" என்று நினைத்தபடி வீட்டுக்கு வருகிறான். காலி ஜாடியைப் பார்க்கிறான். போனஸ் வரவில்லை என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டு உட்காருகிறான். கடைசியில் சம்பளம் கைக்கு வருகிறது. பயிற்சிக்குப் பிடித்தம், உடுப்புக்குப் பிடித்தம், தாடி வாடகைக்குப் பிடித்தம். மிச்சம் 13 டாலர்.

தாடி வாடகை! சம்பளப் பட்டியலில் பிடித்தக் கணக்கு போடுகிறவன் நான். அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு தடவை பார்த்தேன்.

ஆனால் மூன்று பக்கம் எழுதியது அதற்காக இல்லை. அப்பா ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை பார்த்தார். 1996இல் பாலாறு மாசுபட்ட வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யாத டேனரிகளை மூடச் சொன்ன வருஷம். தீர்ப்பு சரிதான், கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் போனஸ் இல்லை. அப்பா அதைச் சொல்லவில்லை. "வியாழக்கிழமை போடுவாங்க" என்றார். அடுத்த வியாழன் போனது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி சைக்கிள் கேரியரில் ஒரு பட்டாசுப் பெட்டியும் கால் கிலோ மக்கன் பேடாவும் வந்தன. கையில் வாட்ச் இல்லை. "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்" என்றார். ரொம்ப நாள் அது ரிப்பேரிலேயே இருந்தது.

ஹோமர் படியேறி வீட்டுக்குள் வந்து, சொல்ல நினைத்து, பிள்ளைகளைப் பார்த்து, சொல்லாமல் விடுகிற காட்சி வந்தபோது அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தேன். "சொல்ல மாட்டான் பாரு" என்றார். அவ்வளவுதான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த 13 டாலரோடு ஹோமர் நாய்ப் பந்தயத்துக்குப் போகிறான். ஒன்றுக்கு 99 கிடைக்கும் என்ற நாயின்மேல் கட்டுகிறான். அது கடைசியில் வருகிறது. சொந்தக்காரன் அதைத் துரத்திவிட, அது ஹோமர்மேல் தாவுகிறது. வீட்டில் எல்லோரும் அந்த நாய்தான் பரிசு என்று நினைத்துக்கொண்டாடுகிறார்கள். எழுதியவர் மிமி பாண்ட், இயக்கியவர் டேவிட் சில்வர்மேன். அப்பா சமாளித்தார் என்று காட்டவில்லை. அப்பா தோற்றார், தோற்றது யாருக்கும் தெரியாமல் போயிற்று. அதை ஒரு கார்ட்டூனில் முதல் நாளே சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்.

13இல் எது சிறந்தது?

லீசா சோகமாக இருக்கும் ஆறாவது எபிசோட். காரணம் ஒன்றும் இல்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கு மனசு சரியில்லை, அவ்வளவுதான். பள்ளியில் வாத்தியார் சாக்ஸஃபோனைச் சொன்னபடி மட்டும் வாசிக்கச் சொல்கிறார். ராத்திரி பாலத்தின்மேல் தனியாக வாசித்துக்கொண்டிருக்கும் ஒரு முதிய கலைஞரைத் தேடிப் போகிறாள். மார்ஜ் அவளைக் காரில் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது, தன் அம்மா தனக்குச் சொன்னதையே சொல்கிறாள்: உள்ளே எப்படி இருந்தாலும் வெளியே சிரி. லீசா பல்லைக் காட்டிச் சிரிக்கிறாள். உடனே பையன்கள் வீட்டுப்பாடம் எழுதித் தரச் சொல்லி ஏய்க்கப் பார்க்கிறார்கள், வாத்தியாரும் தன் பங்குக்கு ஆரம்பிக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த மார்ஜ் வண்டியைத் திருப்பி வந்து பெண்ணை அள்ளிக்கொண்டு போகிறாள். தப்பாகச் சொல்லிவிட்டேன், சோகமாக இருக்கணும் என்றால் இரு, நாங்கள் கூட இருக்கிறோம் என்கிறாள்.

அக்கா மகள் என் தோளைத் தட்டி, "மாமா, பாட்டி எனக்கு இதையேதான் சொல்லும்" என்று கிசுகிசுத்தாள். போட்டோவுக்கு நிற்கும்போது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது, "மூஞ்ச உம்முனு வச்சிக்காத." பாட்டி காதில் விழாத மாதிரி விசிறிக்கொண்டிருந்தார்.

அடுத்தது ஒன்பதாவது. மார்ஜின் பிறந்தநாளுக்கு ஹோமர் பவுலிங் பந்து ஒன்றைப் பரிசு தருகிறான். கிரிக்கெட் இல்லை, கட்டைகளைச் சாய்க்க உருட்டிவிடும் கனமான பந்து. அதில் அவன் பெயரே பொறித்திருக்கிறது, துளைகளும் அவன் விரல் அளவுக்கே. கோபத்தில் அவளே விளையாடப் போக, ஜாக் என்ற பிரெஞ்சுக்காரன் கற்றுத் தருகிறேன் என்று வழிகிறான். அமெரிக்க டிவிக்கான எம்மி விருது வாங்கிய எபிசோட். மனைவிக்கு மிக்ஸி, கிரைண்டர் பரிசு கொடுத்த ஆண்கள் எல்லோரும் ஒருமுறை பார்க்கலாம். பெயர் சொல்ல மாட்டேன்.

பிடிக்காதது?

கேரவன் வண்டி வாங்கிக் காட்டுக்குள் போய், ஹோமரை எல்லோரும் காட்டு மனிதன் என்று நினைக்கிற ஏழாவது. நீளம்.

நான்காவதை நிறையப் பேர் தள்ளிவிடுகிறார்கள். அதில் ஹோமர்தான் குடும்பத்தைப் பார்த்து வெட்கப்படுகிறான், மார்ஜ் கம்பெனி விருந்தில் குடித்துவிட்டுப் பாடுகிறாள். குணமெல்லாம் தலைகீழ். ஆனால் குடும்பச் சண்டையைத் தீர்த்து வைக்கும் மனநல மருத்துவரிடம் போக 250 டாலருக்காக டிவியையே அடகுக்கடைக்குக் கொண்டுபோகிறார்கள் பாருங்கள், அதற்காகவே நான் மன்னித்துவிட்டேன். சரிசெய்ய முடியாவிட்டால் பணம் இரண்டு மடங்கு என்று சொன்ன மருத்துவர் தோற்று, 500 டாலர் திருப்பித் தருகிறார். அதில் புது டிவி. கணக்கு கச்சிதம்.

வேலூர்க்காரர்களுக்கு இதில் என்ன?

பார்ட்டைப் படிக்க என்று பிரான்சுக்கு அனுப்பும் 11ஆவது எபிசோடைப் பாருங்கள். மது தயாரிக்கும் இரண்டு பேர் அவனை மாடு மாதிரி வேலை வாங்குகிறார்கள். மதுவில் ஆன்டிஃப்ரீஸ் என்ற, கார் எஞ்சினில் ஊற்றும் ரசாயனத்தைக் கலப்பதையும் கண்டுபிடிக்கிறான். போலீஸ்காரரிடம் சொல்ல மொழி தெரியவில்லை. நடந்துகொண்டே புலம்பும்போது திடீரென்று வாயில் பிரெஞ்சு வந்துவிடுகிறது. பலர் இதை நம்ப முடியாத இடம் என்று எழுதினார்கள். காந்தி ரோட்டில் சிஎம்சி மருத்துவமனை பக்கம் போய் நின்று பாருங்கள். கல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் ஆட்டோக்காரர், லாட்ஜ் பையன், சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லோரும் வங்காளத்தில் பேரம் பேசுகிறார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? காதில் விழுந்தது, வாயில் வந்தது.

மூன்றாவது எபிசோடும் நம்முடையதுதான். வேலை போன ஹோமர் ஊருக்கெல்லாம் பாதுகாப்புப் பலகை வைத்து, கடைசியில் அணுமின் நிலையத்தையே எதிர்த்துக் கூட்டம் கூட்டுகிறான். பர்ன்ஸ் என்ன செய்கிறார்? அவனையே பாதுகாப்பு அதிகாரியாகச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறார். பாலாற்றங்கரையில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

அபு பற்றி ஏன் எழுதவில்லை?

கடைக்கார இந்தியர் அபு இந்தச் சீசனில் எட்டாவது எபிசோடில் தலைகாட்டுகிறார். கொஞ்ச நேரம்தான். அவர் இழுத்து இழுத்துப் பேசும் இந்திய ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய சண்டை பெரிதானது 2017இல் வந்த ஒரு ஆவணப்படத்துக்குப் பிறகு. குரல் கொடுத்த ஹேங்க் அசேரியா 2020இல் இனி பேச மாட்டேன் என்று விலகினார். என்னைக் கேட்டால், அந்த இழுப்பு எந்த ஊர்ப் பேச்சும் இல்லை. வெளியூர்க்காரர் நம்மைப்போலப் பேசிக் காட்டுகிறேன் என்று பேசுவது. முதல் சீசனில் அதைப் பற்றி எழுதும் அளவுக்கு அவருக்கு வேலையே தரவில்லை.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

கார்ட்டூன் என்பதால் சுட்டி டிவி மாதிரி போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். ஹோமர் பையன் கழுத்தை நெரிக்கிறான். மூன்றாவது எபிசோடில் உயிரை விடும் எண்ணத்தோடு பாலத்துக்குப் போகிறான். பத்தாவதில் நடனப் பெண்ணோடு எடுத்த போட்டோவால் வரும் சண்டை. எட்டாவது படிக்கும் பெண்ணோடு நான் கூட உட்கார்ந்து பார்த்தேன். பாலத்துக் காட்சியில் நிறுத்திப் பேசினோம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பேன்.

விமர்சனம் எப்படி எழுதுகிறீர்கள்? மார்க் ஏன் போடுவதில்லை?

முதல் தடவை ஒன்றும் எழுதாமல் பார்ப்பேன். காலையில் பஸ்ஸில் ராணிப்பேட்டை போகும்போது எது ஞாபகத்தில் நிற்கிறதோ அதை டிக்கெட்டுக்குப் பின்னால் குறித்துக்கொள்வேன். சாயங்காலம் இரண்டாவது தடவை, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். படம் தானாக எதைச் சொல்கிறது என்று அப்போதுதான் தெரியும். காலி ஜாடிக் காட்சியைச் சத்தமில்லாமல் பார்த்தால் இன்னும் கனமாக இருக்கிறது. மூன்றாவது தடவை பார்த்தால் எழுத வராது; எல்லாமே நல்லதாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

மார்க் ஒரு தடவை போட்டேன். அடுத்த நாள் மாற்றத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

கதை முழுக்கச் சொல்லிவிடுகிறீர்களே என்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேலான கதை. துரியோதனன் தொடையில் அடிபட்டுச் சாவான் என்று தெரிந்தும்தான் விடிய விடியக் கூத்து பார்க்கிறோம்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா? எப்படிப் பார்த்தார்?

தெரியாது. முதல் நாள் மார்ஜின் நீல முடியைப் பார்த்து, "இன்னாடா இது, அந்தம்மா தலைமேல புத்து வச்சிகினு கீறா?" என்றார். மூன்றாம் நாள் பேத்தி மொழிபெயர்க்க ஆரம்பித்தால், "கம்முனு இரு, எனக்குப் புரியுது" என்றார். ஹோமருக்கு அவர் வைத்த பெயர் மொட்டை. பர்ன்ஸைப் பார்த்ததும் பழைய முதலாளி ஒருவர் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

இரண்டாவது சீசனும் எழுதுவீர்களா?

22 எபிசோட் இருக்கிறது. நான்காவதில் ஆலைக்குப் பக்கத்து ஆற்றில் மூன்று கண் மீனைப் பார்ட் பிடிக்கிறான். பாலாற்றில் நமக்கு மீனும் இல்லை, தண்ணீரும் இல்லை, எழுத நிறைய இருக்கிறது. ஆனால் அக்கா மகளுக்குப் பள்ளி திறந்துவிட்டது. அம்மா மட்டும்தான் கூட உட்காருகிறார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி. தினமும் லேப்டாப்பைத் திறந்ததும் கேட்கிறார்: "இன்னிக்கு அந்த நாய் வருமா?"